ட்ரம் கோர் கேலரிகளில் ஆரவாரம் குறைந்துவிட்டதா?

கேள்வி இது: 1970, 80களின் அமெரிக்க ட்ரம் கோர் போட்டிப் பதிவுகளில் கூட்டம் வெறி பிடித்தது போலக் கத்துகிறது. இப்போதைய பதிவுகளில் அந்தச் சத்தம் இல்லை. ரசிகர்களுக்கு ஆர்வம் போய்விட்டதா, இல்லை நிகழ்ச்சிகள் மாறிவிட்டனவா?

ஆர்வம் போகவில்லை. கத்துகிற ஆட்கள் மாறியிருக்கிறார்கள், கத்தும் காரணம் மாறியிருக்கிறது. இவை இரண்டையும் விட முக்கியமாக, கத்துவதற்கு நிகழ்ச்சி விட்டுக்கொடுத்த இடங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டிருக்கின்றன. பழைய ரசிகர்கள் புலம்புவதில் பாதி நியாயம். மீதிப் பாதி, பதிவுகள் செய்யும் மாயம்.

ட்ரம் கோர் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பித்தளைக் காற்றுக் கருவிகள், தாள வாத்தியங்கள், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றும் கலர் கார்டு ஆகிய மூன்றும் சேர்ந்த குழு. கிளாரினெட், புல்லாங்குழல் கிடையாது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் வாசித்துக்கொண்டே நகர்ந்து, 11, 12 நிமிடத்துக்கு ஒரு காட்சியை நடத்துவார்கள். இளைஞர் குழுக்களில் வயது வரம்பு உண்டு; 22ஐத் தொட்டதும் ஏறக்குறைய எல்லோரும் வெளியேற வேண்டியதுதான். ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றிப் போட்டியிடுவார்கள். இளைஞர் போட்டிகளை நடத்தும் அமைப்பு ட்ரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டி.சி.ஐ.

முதலில் பதிவுகள். பழைய இசைத்தட்டுகளுக்கு ஒலி எடுத்தவர்கள் கையில் இருந்தது சில மைக்குகள்தான். அவை கேலரிப் பக்கம், கூட்டத்துக்கு அருகிலேயே நின்றன. பித்தளைக் கருவி வாசிப்பவர்களின் அணியான ஹார்ன்லைன் வாசித்ததோடு சேர்த்து, மைக்குக்கு நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர் விசிலடித்ததும் உள்ளே வந்துவிட்டது. இப்போது மைதானத்தின் முன்வரிசையில் பல மைக்குகள், முன்வரிசைத் தாளக் குழுவான பிட்டிலிருந்து நேரடி மின்னிணைப்பு, கூட்டத்துக்குத் தனி மைக். கலவை செய்பவர் கூட்டத்தின் சத்தத்தை வேண்டிய அளவுக்கு ஏற்றலாம், இறக்கலாம். பெரும்பாலும் இறக்கித்தான் வைப்பார், ஏனென்றால் வாங்குபவர்களில் பாதிப் பேர் வாசித்தவர்களும் அவர்களின் பெற்றோரும். அவர்களுக்கு வேண்டியது இசை. ஆகவே 1979ஆம் ஆண்டுப் பதிவையும் 2019ஆம் ஆண்டுப் பதிவையும் அருகருகே வைத்து, கூட்டத்தின் உற்சாகத்தை அளக்கவே முடியாது. ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு காலத்திலும் கேலரியில் இருந்து யாரோ கையில் வைத்து எடுத்த பதிவுகளை ஒப்பிடுங்கள். அப்போது வேறுபாடு பாதியாகக் குறையும். முழுதாக மறையாது, மீதி வேறுபாட்டுக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தக் குழுக்களைத் தாங்கியவை அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள், கத்தோலிக்க தேவாலயங்கள், சாரணர் குழுக்கள், ஊர்க் காவல்துறை நடத்திய இளைஞர் மன்றங்கள். நியூ ஜெர்சியின் ஹோலி நேம் கேடட்ஸ் 1934இல் ஒரு தேவாலயத்தில் தொடங்கியது. சிகாகோவின் கேவலியர்ஸ் 1948இல் ஒரு சாரணர் குழுவாகப் பிறந்தது. ஒரு நகரத்திலேயே நாலைந்து குழுக்கள் இருந்த காலம். கேலரியில் இருந்தவர்கள் அம்மா, அப்பா, மாமா, பக்கத்துத் தெருக்காரர், சீருடைத் தொப்பி போட்ட படைவீரர்கள். ஜெர்சி சிட்டியின் ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில் நடந்த 'ட்ரீம் கான்டெஸ்ட்' போன்ற போட்டிகளுக்குக் கூட்டம் அலைமோதியதற்குக் காரணம் கலை ரசனை மட்டும் கிடையாது. அது பேட்டைக்கும் பேட்டைக்கும் இடையிலான சண்டை. தங்கள் பையன்கள் மைதானத்தில் காலடி வைத்ததும் கத்தினார்கள். வாசிப்பு எப்படி இருந்தாலும் கத்தினார்கள்.

அன்றைய நிகழ்ச்சியின் அமைப்பும் அந்தக் கத்தலுக்குத் தோதாக இருந்தது. குழு மைதானத்தின் ஒரு ஓரத்துத் தொடக்கக் கோட்டில் நிற்கும். ஆரம்ப முழக்கத்தோடு கோட்டைத் தாண்டி உள்ளே வரும். பிறகு தேசியக் கொடிக்கு மரியாதை செய்யும் பகுதி, அது கட்டாயம். நடுவில் எல்லோரும் அசையாமல் நின்று, கேலரியைப் பார்த்து ஒரு பாட்டை முழுதாக வாசிப்பார்கள்; இதற்குக் கான்சர்ட் என்று பெயர். அடுத்து தாள வாத்தியங்களின் தனிப் பகுதி. கடைசியில் எதிர் ஓரத்து முடிவுக் கோட்டை நோக்கி நகர்ந்து வெளியேற்றம். ஒவ்வொரு பகுதிக்கும் தெளிவான முடிவு, முடிந்ததும் இரண்டு மூன்று விநாடி மௌனம். அந்த மௌனம் கைதட்டலுக்கென்றே விடப்பட்டது. பாட்டுகளும் வானொலியில் எல்லோரும் கேட்டவை, ராணுவ அணிவகுப்பு இசை, மேடை நாடகப் பாடல்கள். மெட்டு தெரிந்த கூட்டம் முடிவு எப்போது வரும் என்பதை முன்கூட்டியே ஊகித்து எழுந்து நிற்கும்.

மதிப்பெண் முறை இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடியது. நடுவர்கள் கையில் அட்டையோடு மைதானத்துக்குள்ளேயே நடப்பார்கள். ஒருவர் கால் தப்பினால் ஒரு கோடு, ஒரு சுரம் பிசகினால் ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் 0.1 குறையும். இதுதான் டிக் முறை. போட்டிக்கு முன் சீருடையும் காலணியும் சோதிக்கப்படும், அதிலும் கழிவு உண்டு. கூட்டத்தை மகிழ்விப்பதற்கு அந்தத் தாளில் பெரிய இடமில்லை. ஆனாலும் கூட்டம் கத்தியது, ஏனென்றால் நுழைவுச்சீட்டுப் பணத்தையும் அடுத்த ஆண்டு அழைப்பையும் தீர்மானித்தவர்கள் கேலரியில்தான் இருந்தார்கள்.

விதிகளை எழுதியவை படைவீரர் சங்கங்கள். குழுக்களுக்கு அதில் பேச்சில்லை. அந்தக் கசப்பில், 1971இல் ட்ரூப்பர்ஸ், கேவலியர்ஸ், மேடிசன் ஸ்கவுட்ஸ், சான்டா கிளாரா வேன்கார்ட், ப்ளூ ஸ்டார்ஸ் ஆகிய ஐந்தும் கைகோத்தன. அடுத்த ஆண்டு டி.சி.ஐ. முதல் சாம்பியன்ஷிப் 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது. வென்றது அனஹைம் கிங்ஸ்மென். 70களின் நடுவிலிருந்து இறுதிப் போட்டி பொதுத் தொலைக்காட்சியிலும் வந்தது. பழைய ரசிகர்கள் நினைத்து உருகும் பொற்காலம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் காலத்தின் ஆரவாரத்தைப் புரிந்துகொள்ள 'கம்பெனி ஃப்ரன்ட்' என்ற ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் போதும். சிதறி நகர்ந்துகொண்டிருக்கும் ஹார்ன் வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே நேர்க்கோட்டில் வந்து சேர்கிறார்கள். 5 கெஜத்துக்கு 8 காலடி வைப்பது அடிப்படை நடை, அதாவது ஒரு காலடி 22.5 அங்குலம், ஏறத்தாழ 57 செ.மீ. ஆளுக்கு ஆள் இரண்டு காலடி இடைவெளி விட்டால் 60 பேர் கோடு 67 மீட்டர் நீளும். மைதானத்தின் முக்கால் பங்கை அடைத்துவிடும். அந்தக் கோடு பின்னாலிருந்து கேலரியை நோக்கி நடந்து வருகிறது. கருவிகள் எல்லாம் நடுவர் அறையைப் பார்த்து மேலே தூக்கியிருக்கின்றன. இசை ஒரு நீண்ட சுரக்கூட்டில், அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இடத்தில், போய் நிற்கிறது, ஒலி ஏறிக்கொண்டே போகிறது. கேலரியில் இருப்பவருக்கு இதில் யோசிக்க எதுவுமில்லை. கோடு நேராக இருக்கிறதா என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். ஒலி நெருங்குவது நெஞ்சில் தெரியும். எப்போது முடியும் என்பதும் தெரியும். ஆகவே முடிவதற்கு நான்கு தாளம் முன்பே எழுந்துவிடுவார்கள். கூட்டத்தின் சத்தமும் ஹார்ன்லைனின் சத்தமும் ஒன்றோடொன்று போட்டி போடும்.

இந்த ஆரவாரத்துக்கு மைதானத்தில் ஒரு விலையும் உண்டு. ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். 32 மீட்டர் பின்னால் நிற்கும் ட்ரம் வாசிப்பவர்களின் அணியான ட்ரம்லைனின் அடி, முன்னால் இருப்பவர் காதில் விழ 0.09 விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 160 தாள வேகத்தில் அது ஒரு தாளத்தின் கால் பங்குக்குச் சமம். இதைச் சமாளிக்கத்தான் முன்வரிசையில் இருக்கும் பிட், குழுவைக் கையசைத்து நடத்தும் ட்ரம் மேஜரைப் பார்த்து வாசிக்காமல், பின்னாலிருந்து வரும் ட்ரம்லைனின் சத்தத்தைக் கேட்டு அதோடு இணைகிறது. கூட்டம் பெரிதாக இரைந்தால் அந்தச் சத்தம் பிட்டின் காதில் விழாது. இரண்டு மூன்று தாளத்துக்கு இரு பகுதிகளும் கிழிந்து தனித்தனியே ஓடும். நல்ல குழுக்கள் இதற்கென்றே மாற்று ஏற்பாடு வைத்திருக்கும்: எந்த இடத்தில் கூட்டம் எழும் என்பது தெரியும், அந்த இடத்தில் மட்டும் காதை விட்டு ட்ரம் மேஜரின் கையைப் பார். ஆகஸ்டில் பெரிய கூட்டத்தின் முன் ஒரு குழு தடுமாறினால் அதைப் பயம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

70களின் கடைசியில் கூட்டத்தின் செல்லங்கள் வெற்றியாளர்களாக இருக்க வேண்டியதில்லை. நியூ ஜெர்சியின் பேயோன் ஊர்க் குழுவான ப்ரிட்ஜ்மென் மஞ்சள் நீள அங்கி போட்டுக்கொண்டு, மைதானத்திலேயே மயங்கி விழுவது போல் நடித்தது. 80களில் கலிஃபோர்னியாவின் வெல்வெட் நைட்ஸ் சிவப்புக் கேன்வாஸ் காலணியோடு வந்து கோமாளித்தனம் செய்தது. இரண்டுமே பட்டம் வென்றதில்லை. ஆனால் அவர்கள் நுழையும்போது எழுந்த சத்தம் சாம்பியனுக்குக்கூடக் கிடைக்கவில்லை. மதிப்பெண் ஒரு பக்கமும் கூட்டத்தின் அன்பு மறுபக்கமும் நிற்பது ஏதோ 90களில் புதிதாக முளைத்ததல்ல.

பெரிய திருப்பம் 1983, 84. கார்ஃபீல்ட் கேடட்ஸ், அதாவது பழைய ஹோலி நேம் கேடட்ஸ், ஜார்ஜ் ஸிங்காலி வடிவமைத்த நடையோடு வந்தது. அதுவரை மைதானத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமச்சீரான உருவங்கள்தான் வழக்கம். அவர் வரைந்தவை ஒருக்களித்தவை, வளைந்தவை, ஓட்டமாக ஓடினால்தான் எட்டிப்பிடிக்க முடிந்தவை. 83, 84, 85 மூன்று ஆண்டும் அவர்களுக்கே பட்டம். டி.சி.ஐ. 1984இல் டிக் முறையையும் கைவிட்டது. பிழைக்குக் கழிப்பதை விட்டு, என்ன சாதித்தார்கள் என்பதற்கு மதிப்பெண் ஏற்றும் முறை வந்தது. பிழை பயம் போனதும் வடிவமைப்பாளர்களின் கை நீண்டது. நடை வேகமாயிற்று, அசையாமல் நிற்கும் கான்சர்ட் மறைந்தது, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இருந்த இடைவெளியை இணைப்பு இசை நிரப்பியது.

கவனியுங்கள், கைதட்டலுக்கான இடங்கள் இங்கேதான் முதலில் அடைபட்டன. மின்கருவிகள் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே. ஓடிக்கொண்டே ஊதுபவரால் நின்று ஊதுபவரின் ஒலி அளவைத் தர முடியாது; மூச்சு பாதி கால்களுக்குப் போய்விடுகிறது. எனவே உச்சங்கள் குறுகின. எட்டுத் தாளம் நீண்ட சுரக்கூடு இரண்டு தாளமாகி, அது முடிவதற்குள் அடுத்த உருவத்துக்கு ஓட்டம் தொடங்கியது. கூட்டம் எழ நினைப்பதற்குள் அந்தக் கணம் போய்விடும்.

அப்படியும் 80களின் கடைசி சத்தமான காலம்தான். 1988இல் கேன்சஸ் சிட்டியில் மேடிசன் ஸ்கவுட்ஸ் 'மலகேன்யா' வாசித்து, எதிர்பார்ப்புகளைக் கவிழ்த்துப் பட்டம் வென்றது. எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, உச்ச ஸ்தாயியில் ஊதும் சோப்ரானோ ஹார்ன்கள், கேலரியை நேராகப் பார்த்து நின்று ஊதுவது: பழைய சூத்திரம் அப்படியே. அடுத்த ஆண்டு சான்டா கிளாரா வேன்கார்ட் மேடை நாடக இசையோடு வந்து, முழுக் குழுவையும் திரைக்குப் பின்னால் மறையவைத்து முடித்தது. நடுவர்களும் கேலரியும் ஒரே பக்கம் நின்ற ஆண்டுகள் இவை.

பிளவு வெளிச்சத்துக்கு வந்தது 1993இல், மிசிசிப்பியின் ஜாக்சனில். ஸ்டார் ஆஃப் இண்டியானா 1991இல் பட்டம் வென்ற குழு. அது பார்பர், பார்ட்டோக் ஆகியோரின் கரடுமுரடான நவீன இசையை எடுத்துக்கொண்டது. பாட்டு என்று முணுமுணுக்க ஒன்றுமில்லை, அலங்காரம் குறைவு, உடல் அசைவு நாட்டியம் போல. இறுதிப் போட்டியில் கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. 0.1 புள்ளியில் தோல்வி. அந்தப் பருவத்தில் சில ஊர்களில் கேலரி அவர்களை மௌனத்தால் வரவேற்றது, சில இடங்களில் கேலிக் கூவலும் கேட்டது. பணம் இருந்த குழு என்ற எரிச்சலும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. ஸ்டார் அந்த ஆண்டோடு போட்டியை விட்டு வெளியேறி மேடைக்குப் போனது. அதிலிருந்து பிறந்த 'ப்ளாஸ்ட்!' 2001இல் மேடை நாடகத்துக்கான டோனி விருது வாங்கியது. இன்று அந்த 1993 நிகழ்ச்சியைப் பார்க்கும் எவரும் அதன் பிள்ளைகளைத்தான் கடந்த இருபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கண்டுகொள்வார். கேலரி அன்று தவறு செய்தது என்று நான் சொல்லமாட்டேன். தாம் சம்மதிக்காத ஒரு விளையாட்டு தம் முன் தொடங்கிவிட்டதை அவர்கள் சரியாகவே உணர்ந்தார்கள்.

அடுத்தது கருவிகள். ட்ரம் கோரின் அடையாளமே பியூகிள் எனப்படும் ஜி சுருதிப் பித்தளை ஊதுகருவிதான். முதலில் ஒற்றை வால்வு, 70களின் கடைசியில் இரண்டு, 1990இல் மூன்று. 2000இல் எந்தச் சுருதிப் பித்தளைக் கருவியும் செல்லும் என்றானதும், சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான குழுக்கள் பள்ளிப் பேண்டுகளில் புழங்கும் பி ஃப்ளாட் டிரம்பட், எஃப் மெல்லோஃபோன் வகைக்கு மாறின. அன்றிலிருந்துதான் சத்தம் செத்தது என்பது பழைய ரசிகர்களின் உறுதியான நம்பிக்கை. ஜி பியூகிளின் ஒலிக்கு ஒரு கூர்மையும் முரட்டுத்தனமும் இருந்தது உண்மை. சுருதி சேர்ப்பது பாடு, சேர்ந்தால் காது கூசும். ஆனால் நின்று ஊதும் நேரம் சுருங்கியதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. இன்றைய குழு ஒன்று அபூர்வமாக 16 தாளம் நின்று, எல்லோரும் முன்னால் பார்த்து ஊதினால், ஜி பியூகிள் இல்லாமலேயே கேலரி எழுந்து நிற்கிறது.

2004இல் ஒலிபெருக்கி அனுமதிக்கப்பட்டது, 2009இல் மின்னணுக் கருவிகள். கட்டைகளையும் உலோகப் பட்டைகளையும் தட்டி வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன் கலைஞர்கள் சத்தத்துக்காகக் கட்டையால் மொத்த வேண்டியதில்லை, நுணுக்கமாக வாசிக்கலாம் என்பது நல்ல விளைவு. தொல்லை மூன்று. ஒன்று, பேச்சு. மைக் கிடைத்ததும் சில ஆண்டுகள் ஆளாளுக்குக் கதை சொல்லத் தொடங்கினார்கள். கேடட்ஸ் குழுவின் 2007, 2008 நிகழ்ச்சிகளில் பேச்சு வழிந்தது. இசை கேட்க வந்த கூட்டம் நெளிந்தது. இரண்டு, கீழ்ஸ்தாயி சின்தசைசர். உச்சம் வரும்போது பூமி அதிர ஒன்றைப் போட்டு, தோளில் சுமந்து ஊதும் கான்ட்ராபேஸ்களை முழுங்கிவிடும். கேலரிக்கு அதிர்ச்சி கிடைக்கிறது, ஆனால் அந்த அதிர்ச்சியைத் தந்தது எதிரே வியர்க்கும் பையன்களா பெட்டியா என்று தெரியாமல் போகும்போது கைதட்டல் தயங்குகிறது. மூன்று, திசை. ஒலிபெருக்கி அடுக்குகள் முன்கோட்டின் இடமும் வலமும் நிற்கின்றன. மைதானத்தின் நடுவான 50 கெஜக் கோட்டுக்கு நேரே உட்கார்ந்தவருக்குக் கலவை சரியாக விழும். ஓரத்து 15 கெஜக் கோட்டருகே உட்கார்ந்தவருக்குப் பக்கத்து அடுக்கின் சத்தம் காதை அடைக்கும், ஹார்ன்லைன் எங்கோ தூரத்தில் கேட்கும். ஒரே நிகழ்ச்சிக்கு நடுவில் எழுந்து நிற்பதும் ஓரத்தில் சும்மா இருப்பதும் நடக்கிறது.

இதற்கிடையே கேலரியில் ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு படைவீரர் சங்கங்களின் ஆதரவு சுருங்கியது. பேருந்துச் செலவும் எரிபொருளும் ஏறின. நூற்றுக்கணக்கில் இருந்த உள்ளூர் இளைஞர் குழுக்கள் உதிர்ந்து, இன்று உலக வகுப்பு எனப்படும் மேல்தட்டில் இருபதை ஒட்டியே இருக்கின்றன. தப்பிப் பிழைத்தவற்றில் சில பிங்கோ விளையாட்டு நடத்தி வந்த வருமானத்தில் பிழைத்தன. கலிஃபோர்னியாவின் ப்ளூ டெவில்ஸ் அதற்குப் பேர்போனது. தப்பியவை நாடு முழுவதிலிருந்தும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஓஹையோ குழுவில் டெக்சாஸ் பையன், ஜப்பான் பெண். பக்கத்துத் தெருக்காரருக்கு இனி அங்கே வேலையில்லை.

அவர் விட்ட இருக்கையில் வந்து உட்கார்ந்தவர்கள் பள்ளிப் பேண்டு மாணவர்கள். 70களிலிருந்தே பள்ளிகள் ட்ரம் கோர் பாணியைப் பின்பற்றத் தொடங்கின, கோரில் பயிற்சி தருபவர்களே பள்ளிகளுக்கும் நிகழ்ச்சி எழுதினார்கள். இன்று பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் அந்த மாணவர்கள் தாங்களும் மதிப்பெண் தாளைப் பார்த்துப் பழகியவர்கள். கலர் கார்டில் ஒருத்தி துப்பாக்கியை ஏழு சுற்று வீசி, முதுகைத் திருப்பிக்கொண்டு பிடித்தால் அது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நொடியே அலறுவார்கள். டிரம்பட்டில் வேகமான ஓட்டம் ஒன்று சுத்தமாக வந்தால், இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்துவார்கள். முடிவு வரை காத்திருக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. பழைய கூட்டத்தின் சத்தம் அலை போல எழுந்து, முடிவில் உடைந்தது. இன்றையது நிகழ்ச்சி முழுக்கச் சிறுசிறு வெடிப்புகளாகச் சிதறியிருக்கிறது. மொத்தமாகக் கூட்டினால் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. மெல்லிய பகுதியில், தனி வாசிப்பின் நடுவில், யாராவது குழுவின் பெயரைச் சொல்லி அலறுவது மட்டும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் எரிச்சல் தருகிறது.

புதிய கூட்டமும் பழைய கூட்டமும் சேர்ந்து எழுந்த இரவு வேண்டுமானால் 2008. ப்ளூமிங்டனில் ஃபேன்டம் ரெஜிமென்ட் 'ஸ்பார்ட்டகஸ்' கதையை எடுத்துக்கொண்டது. அடிமைகள் எழுச்சி, தலைவன் சாவு, ஒவ்வொருவராக 'நான்தான் ஸ்பார்ட்டகஸ்' என்று கத்தும் கட்டம். பருவம் முழுக்க அதைப் பார்த்துப் பழகிய கேலரி, தானும் சேர்ந்து கத்தத் தொடங்கியது. 98.125க்கு எதிராக 98.100; ப்ளூ டெவில்ஸை 0.025 புள்ளியில் வென்றார்கள். இங்கே உதவியது மெட்டல்ல, கதை. யார் நல்லவன், யார் கெட்டவன், எப்போது ஆதரிக்க வேண்டும் என்பது மேல்வரிசைக்கும் புரிந்தது. கருத்துகளை அடுக்கிக் காட்டும் பல பிற்கால நிகழ்ச்சிகளுக்கு இது வாய்க்கவில்லை. ப்ளூ டெவில்ஸ் 2014இல் 99.65 எடுத்தது, டி.சி.ஐ. வரலாற்றில் அதுவரை யாரும் தொடாத மதிப்பெண். கூட்டம் அதை மரியாதையோடு பார்த்தது. ஆனால் அந்த ஆண்டு கேலரி காதலித்தது இரண்டாமிடம் வந்த ப்ளூகோட்ஸை. ஹார்ன்லைன் பிடிக்கும் சுரத்தை மின்னணு ஒலியோடு சேர்த்து வழுக்கி இறக்கும் உத்தி ஒன்று அவர்களிடம் இருந்தது, புதிதாகவும் இருந்தது, சத்தமாகவும் இருந்தது. அதே குழு 2016இல் தொப்பியையும் ராணுவச் சீருடையையும் தூக்கிப் போட்டு, பெரிய சறுக்குப் பலகைகளில் ஏறி இறங்கி முதல் பட்டம் வென்றது.

அதன் பிறகு சீருடையும் போயிற்று. இது சிறு விஷயமாகத் தோன்றலாம், ஆனால் நுழைவுக் கைதட்டலை இதுதான் கொன்றது. முன்பு ட்ரூப்பர்ஸ் என்றால் குதிரைப்படை நீலம், வேன்கார்ட் என்றால் ஒரு பக்கம் மடித்த தொப்பி. மைதான வாசலில் நின்றாலே மேல்வரிசையில் இருப்பவர் எழுந்து கத்துவார். இப்போது ஆண்டுக்கு ஒரு உடை, பெரும்பாலும் உடலை ஒட்டியது. போதாக்குறைக்கு, அறிவிப்பாளர் பெயரைச் சொல்வதற்கு முன்பே முன்னிகழ்ச்சி என்று ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். எங்கே தொடங்கியது என்று தெரியாததற்கு எங்கே கைதட்டுவது?

இடமும் முக்கியம். 1972 முதல் இறுதிப் போட்டி ஊர் மாறிக்கொண்டே இருந்தது. மேடிசனின் கேம்ப் ராண்டல் ஸ்டேடியம், பஃபலோ, ஆர்லாண்டோ என்று. பெரும்பாலும் திறந்தவெளி. 2009 முதல் இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். 2020இல் பெருந்தொற்றால் போட்டியே இல்லை. மழைக்கு அஞ்ச வேண்டாம், குளிர்சாதனம் உண்டு. ஆனால் கூரை மூடிய பெரும் கொட்டகை அது. எதிர்ப்பக்கக் கேலரியில் மோதித் திரும்பும் ஒலி அரை விநாடி வரை பிந்துகிறது. நிமிடத்துக்கு 160 தாள வேகத்தில் அது ஒரு தாளத்துக்கும் மேல். மேலடுக்கில் இருப்பவருக்கு வேகமான பகுதிகள் குழைந்துபோய்க் கேட்கும். தெளிவில்லாத ஒலிக்கு யாரும் சரியான இடத்தில் எழ மாட்டார்கள். கீழ்த்தள நடுவில் இருப்பவர்களின் ஆரவாரமும் அதே கூரையில் கரைந்துபோகிறது.

வீட்டிலிருந்து பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. 2004 முதல் திரையரங்க ஒளிபரப்பு, பிறகு இணையச் சந்தா. ஜூலை நடுவிலேயே எல்லோருக்கும் எல்லா நிகழ்ச்சியும் மனப்பாடம். இதற்குப் பதிலடியாகத்தான் குழுக்கள் முடிவுப் பகுதியை ஆகஸ்ட் வரை ஒளித்து வைப்பதும், கடைசி வாரத்தில் ஒரு உருவத்தையோ ஒரு உச்சத்தையோ புதிதாகச் செருகுவதும். கூட்டம் இன்று மிகச் சத்தமாகக் கத்துவது அந்த மாற்றங்களுக்குத்தான். நேற்று வரை அங்கே இல்லாதது இன்று இருக்கிறதே என்ற கத்தல் அது.

கவலைப்பட வேண்டிய பக்கம் ஆரவாரத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சான்டா கிளாரா வேன்கார்ட் 2023இல் பணநெருக்கடியால் பருவத்தையே விட்டது. அடுத்த ஆண்டு திரும்பியது. 1934இல் பிறந்த கேடட்ஸ் 2024இல் மூடப்பட்டது. உறுப்பினர் எண்ணிக்கை 128இலிருந்து 165க்கு ஏறியிருக்கிறது, ஒவ்வொருவரும் கட்ட வேண்டிய தொகையும் பல ஆயிரம் டாலர்களாக ஏறியிருக்கிறது. மதிப்பெண் தாளில் இன்று பொது விளைவு என்ற தலைப்புக்கு மட்டும் 100இல் 40 புள்ளிகள். கூட்டத்தின் மனதைத் தொடுவதும் அதற்குள்தான் அடங்கவேண்டும். ஆனால் அதை எழுதுபவர் நடுவர், கேலரி இல்லை. 2025இல் பாஸ்டன் க்ரூசேடர்ஸ் தன் முதல் பட்டத்தை வென்றபோது இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. அப்படி ஒத்துப்போகும் ஆண்டுகள் இனியும் வரும், ஆனால் அடிக்கடி வராது.

பழைய ஆரவாரத்தை இன்றும் கேட்க விரும்பினால் இறுதிப் போட்டிக்குப் போக வேண்டாம். பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில், ஜே. பர்னி க்ரம் ஸ்டேடியத்தில், வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு இரவு நடக்கும் போட்டிக்குப் போங்கள். திறந்தவெளி, கேலரி மைதானத்தை நெருங்கி நிற்கும், வருபவர்களில் முன்னாள் உறுப்பினர்கள் அதிகம். வயது வரம்பில்லாத குழுக்களின் போட்டிகளும் அப்படியே. அவற்றை நடத்திய டி.சி.ஏ. 2024இல் டி.சி.ஐ.யோடு இணைந்தது, ரெடிங் பக்கனீர்ஸ், ஹாதார்ன் கபாலெரோஸ் போன்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். எங்கே போனாலும் 40 கெஜக் கோடுகளுக்கு இடையே இடம் பிடியுங்கள். நடையின் உருவம் தெரிய வேண்டுமானால் பாதிக்கு மேல் உயரம், ஹார்ன்லைனின் சூடு முகத்தில் அடிக்க வேண்டுமானால் பத்தாவது வரிசைக்குக் கீழே. ஜூனில் போனால் முடிவு இல்லாத முக்கால் நிகழ்ச்சிதான் கிடைக்கும். ஜூலை கடைசி வாரத்துக்குப் பிறகு சீட்டு எடுங்கள். மதிப்பெண் அறிவித்ததும் கிளம்பிவிடாதீர்கள். பல ஊர்களில் குழுக்கள் வாகன நிறுத்தத்தில் வட்டமாக நின்று, நடையோ மின்கருவியோ இல்லாமல், இரண்டொரு பாட்டை முழு மூச்சோடு ஊதிவிட்டுத்தான் பேருந்து ஏறுவார்கள்.